பொட்டலக்காவின் பாட்டுப் பட்டறை

கையில் எது கிடைத்தாலும் சுற்றிக் கட்டிவிடுவாள் என்பதால் அவளுக்குப் பொட்டலம் என்றே பெயர் நின்றுவிட்டது. சின்னவர்களுக்குப் பொட்டலக்கா. வீடு மாற்றித் தருகிற கம்பெனியில் சாமான் கட்டுவது அவள் வேலை. பீங்கான் தட்டு, முகம் பார்க்கும் கண்ணாடி, மாமியாரின் மருந்துப் பெட்டி, எதைக் கொடுத்தாலும் பழைய பேப்பரில் உருட்டி, அட்டைப்பெட்டியில் அடுக்கி, டேப்பைப் பர்ரென்று இழுத்து ஒட்டினால் முடிந்தது. அதற்கப்புறம் லாரி பள்ளத்தில் இறங்கி ஏறினாலும் உள்ளே இருக்கிற டம்ளர் தூக்கம் கலையாது.

ஒரே ஒரு குறை. அவள் கட்டியதைப் பிரிப்பது லேசுப்பட்ட காரியமில்லை.

"உன் பொண்டாட்டி கட்டினதப் பிரிக்கறதுக்குத் தனியா ஒரு கம்பெனி வைக்கணும் போலிருக்கேய்யா" என்று சாமான் இறக்கிய வீட்டுக்காரர்கள் அவள் புருஷனிடம் புலம்புவார்கள். அவர் அதே கம்பெனியில் லாரி டிரைவர்.

"என்னையே கட்டிப்போட்டு எத்தனையோ வருஷமாச்சு, நானே இன்னும் பிரிஞ்சு வரல. நீங்க ஒரு டம்ளருக்கு அழறீங்க" என்பார் அவர்.

வீடு மாற்றுகிற வேலையில் ஒரு வேடிக்கை உண்டு. சொந்தக்காரர் கண்ணுக்குக்கூடப் படாத மூலையெல்லாம் இவர்கள் கண்ணுக்குப் படும். பீரோவுக்குப் பின்னால் என்ன, கட்டிலுக்கு அடியில் என்ன எல்லாம் தெரிந்துவிடும். அப்படிக் கட்டிலுக்கு அடியில் கையை விட்டால் பாதி வீடுகளில் ஏதாவது ஒரு வாத்தியம் தட்டுப்படும். கம்பி அறுந்த கிதார் கிடக்கும். ஒட்டடை பிடித்த வயலின் கிடக்கும். மூன்று கட்டை ஊமையாகிப்போன கீபோர்டு கிடக்கும்.

"இது யாரோடதும்மா?" என்று கேட்பாள்.

"எங்க பெரியவன் ஆசைப்பட்டான்னு வாங்கினது. நாலு நாள் தட்டினான். அப்புறம் கட்டிலுக்குக் காவல் காக்குது. புது வீட்டுல இதுக்கெல்லாம் ஏது இடம்? போற வழியில எங்கயாவது போட்டுடுங்க."

போட மனசு வருமா? படித்த காலத்தில் அவள் பள்ளிக்கூடத்தில் ஒரு கண்ணாடி அலமாரி இருந்தது. உள்ளே ஓர் ஆர்மோனியம். அலமாரிக்குப் பூட்டு உண்டு, சாவி யாரிடம் என்று யாருக்கும் தெரியாது. எட்டாவதோடு படிப்பு நிற்கும்வரை தினமும் அந்தக் கண்ணாடியில் மூக்கை வைத்துப் பார்த்திருக்கிறாள். மூக்கு தட்டையானதுதான் மிச்சம். அதனால் போடச்சொன்ன வாத்தியங்களை எல்லாம் பதமாகச் சுற்றிக் கொண்டுவந்து கம்பெனிக் குடோனில் ஓரமாக அடுக்கிவைத்தாள்.

"இதையெல்லாம் வச்சு என்ன பண்ணப் போற? உனக்கு சுருதியும் தெரியாது, தாளமும் தெரியாது" என்றார் டிரைவர்.

"எனக்குத் தெரியாதுங்க. தெரிஞ்சுக்க ஆசைப்படறவங்க எங்கயாவது இருப்பாங்க இல்ல?"

எங்கேயோ தேடவேண்டியிருக்கவில்லை. கம்பெனியிலேயே சாமான் தூக்குகிற ஒல்லி இருந்தான். பீரோவைத் தோளில் வைத்துக்கொண்டே விசில் அடிக்கிற ஆள். பக்கத்து ஜெராக்ஸ் கடையில் ஒரு பெண் இருந்தாள். மெஷின் ஓடுகிற தாளத்துக்கு மேஜைமேல் இரண்டு பேனாவால் தட்டிக்கொண்டே இருப்பாள். கடைக்கு வருகிறவர்கள் அவளுக்கு இடி என்று பேர் வைத்திருந்தார்கள். ஒரு நாள் ஒரு வீட்டுக் கொல்லைப்புறத்திலிருந்து மழையில் நனைந்த டிரம்ஸ் செட் வந்து சேர்ந்தது. இடி அதைப் பார்த்தாள். பொட்டலக்கா இடியைப் பார்த்தாள். அன்றோடு ஜெராக்ஸ் கடை மேஜைக்கு விடுதலை.

இடி பத்துப் பேரைக் கூட்டிவந்தாள், அந்தப் பத்துப் பேர் தம்பி தங்கைகளைக் கூட்டிவந்தார்கள். கிதாரும் கீபோர்டும் தெரிந்த பஸ் கண்டக்டர் ஒருவர் லீவு நாளில் வந்து சொல்லிக்கொடுக்க ஒத்துக்கொண்டார். ஆனால் கம்பி அறுந்தால் புதுக் கம்பி வேண்டும், கண்டக்டரும் காற்றைக் குடித்துவிட்டுச் சொல்லித்தர முடியாது. பிள்ளைகளிடம் கேட்கவும் அவளுக்கு மனசில்லை. யாரிடமாவது போய்க் கை நீட்டலாம் என்று ஒல்லி சொன்னான்.

"கை நீட்டி வாங்கினா, கொடுக்கறவர் கையை மடக்கிட்ட அன்னைக்கு நம்ம கடையும் மடங்கிடும். இது தானே சம்பாதிச்சுத் தானே சாப்பிடணும்" என்றாள் பொட்டலக்கா.

வழி தானாக வந்தது. ஒரு வீட்டில் சாமானெல்லாம் இறக்கி முடித்த நேரம். வீட்டு அம்மாவும் ஐயாவும் எந்தப் பெட்டியில் தலையணை இருக்கிறது என்று சண்டை. குழந்தைகள் பசியில் சிணுங்கல். சுவரெல்லாம் வெறுமையாக, பேசினால் பேச்சே திரும்பி வந்து அடிக்கிறது. ஒல்லி அந்த வீட்டுக் கிதாரை உறையிலிருந்து எடுத்து, உடையாமல் வந்திருக்கிறதா என்று பார்ப்பதற்காக ஒரு தடவை மீட்டினான். பார்த்துக்கொண்டே இன்னும் கொஞ்சம் மீட்டினான். சண்டை நின்றது. சின்னப் பெண் அட்டைப்பெட்டிமேல் ஏறி ஆட ஆரம்பித்தாள். ஐயா பெட்டிமேல் உட்கார்ந்து, "இப்பத்தான்யா இது வீடு மாதிரி இருக்கு. இதுக்குத் தனியா ஏதாவது தரணுமா?" என்றார்.

டிரைவர் வாயைத் திறப்பதற்குள் பொட்டலக்கா, "ஆமாங்கய்யா" என்றாள்.

அதுதான் பாட்டுப் பட்டறை பிறந்த கதை. வீடு மாற்றுகிறவர்கள் விருப்பப்பட்டால், கடைசிப் பெட்டி இறங்கியதும் பிள்ளைகள் புது வீட்டில் அரை மணி நேரம் வாசிப்பார்கள். அதில் வருவது கம்பிக்கும், கண்டக்டருக்கும், வாசித்த பிள்ளைகளுக்கும். கற்றுக்கொள்கிறவர்களுக்குக் கட்டணம் கிடையாது. கம்பெனி முதலாளியும், "சாமானும் இறங்குது, மனபாரமும் இறங்குது" என்று சொல்லி எல்லாரிடமும் பெருமை அடித்துக்கொண்டார். குடோனைத்தான் காலி செய்யச் சொன்னார். சாமான் வைக்கவே அங்கே இடம் போதவில்லை.

இடம் தேடி அலைந்தபோதுதான் தெரிந்தது. டிரம்ஸ் என்ற சொல்லைக் கேட்டதும் வாடகைக்கு விடுகிறவர்கள் கதவைச் சாத்திய வேகம், பாம்பைக் கண்டாலும் அப்படிச் சாத்தமாட்டார்கள். கடைசியில் ஒருவர் மட்டும் சாத்தவில்லை. இடுப்பில் எப்போதும் சாவிக்கொத்து தொங்கும். அதனால் தெருவே அவரைச் சாவிக்கொத்து என்றுதான் சொல்லும். கீழே வீடு, மேலே சும்மா கிடந்த ஒரு பெரிய அறை.

மனிதர் நல்லவர். ஆனால் திறந்து கிடக்கிற தாழ்ப்பாளைக் கண்டால் கை நமநமவென்று அரிக்கும், ஒரு பூட்டைப் போட்டுவிட்டுத்தான் நகர்வார். ஒரு தடவை ஸ்டோர் ரூமில் பல்பு மாற்றிக்கொண்டிருந்த சொந்த மாப்பிள்ளையை வைத்தே பூட்டிவிட்டு மார்க்கெட் போய்வந்தவர்.

"வாசிச்சுக்கோங்கம்மா, வீடே அமைதியா கெடந்து போரடிக்குது" என்றுதான் முதலில் சொன்னார். வயிற்றுப்பிள்ளையோடு வந்திருந்த அவருடைய மகளும் மேலே இடி அடிப்பதற்குக் கீழே காலால் தாளம் போட்டாள்.

குழந்தை பிறந்தது. பேத்தி. அவ்வளவுதான், சாவிக்கொத்து வேறு மனிதராகிவிட்டார். தெருவில் போகிறவர்களை எல்லாம் நிறுத்தி, "காதைப் பாத்தீங்களா? அப்படியே என் காது" என்று காட்டினார். கொட்டாவி விட்டாள் என்பதை ஏதோ பட்டம் வாங்கினாள் என்பதுபோல் சொன்னார். பேத்தி தூங்கினால் ஃபேன்கூடச் சத்தமில்லாமல் சுற்ற வேண்டும் என்று அதை முறைத்துப் பார்ப்பார். அப்படிப்பட்டவர் தலைக்குமேல் டிரம்ஸ் என்றால் தாங்குமா?

படியேறி வந்துவிட்டார்.

"ஏம்மா, கொழந்த தூங்குது."

"முழிச்சுக்கிச்சாங்கய்யா?"

"முழிக்கல. முழிச்சுக்கிட்டா?"

கீழேயிருந்து மகள் குரல் கொடுத்தாள். "அப்பா, அவ பாட்டுக்குத் தூங்கறா. நீங்க கத்தறதுலதான் முழிக்கப் போறா."

மகள் சொன்னது அவர் காதில் ஏறவில்லை. "இந்தச் செருப்பையெல்லாம் படி பூரா இறைச்சுப் போட்டிருக்கீங்க. கொழந்தையத் தூக்கிட்டு ஏறினா தடுக்காதா? சனிக்கிழமை வரைக்கும் பாப்பேன். அதுக்குள்ள சத்தத்துக்கு ஒரு வழி பண்ணலேன்னா அறையக் காலி பண்ணிடுங்க. கோவிச்சுக்காதம்மா, எனக்குப் பேத்திதான் பெருசு."

பொட்டலக்கா மனசுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தாள். இந்த அறை போனால் வேறு அறை கிடையாது. அறை இல்லையென்றால் பட்டறை கிடையாது. மறுபடி வாத்தியம் எல்லாம் யார் வீட்டுக் கட்டிலுக்கு அடியிலாவது போய்ப் படுத்துக்கொள்ளும். அதுவும் அந்தச் சனிக்கிழமை மாலைதான் ஒரு டீச்சர் வீட்டில் வாசிப்பதாக ஒத்துக்கொண்டிருந்தார்கள். அந்த டீச்சரோடு வேலை பார்க்கிறவர்கள் எல்லாரும் வரப்போகிறார்கள்.

அவள் அழவில்லை. அறையைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தாள். அட்டைப்பெட்டிக்குள் வைக்கப்போகிற பீங்கானைப் பார்ப்பாளே, அந்தப் பார்வை.

"சத்தம் வெளிய போகக்கூடாது, அவ்வளவுதானே? டம்ளர் சத்தமே வெளிய கேக்காம கட்டினவ நான். ஒல்லி, குடோன்ல கெடக்கற பழைய கம்பளியெல்லாம் ஏத்துடா."

சாமான் போர்த்துகிற தடிக் கம்பளிகள் வந்தன. தரையில் மூன்றடுக்கு. சுவரில் முதலில் அட்டை, மேலே கம்பளி, அதற்குமேல் மறுபடி அட்டை. ஜன்னலை உள்ளேயிருந்து பலகை வைத்து அடைத்து, ஓரமெல்லாம் டேப் ஒட்டினாள். கதவின் உள்பக்கத்துக்கு இரண்டு மெத்தை. செருப்புகளைக்கூட விடவில்லை. வருகிறவர்கள் எல்லாரும் செருப்பைக் கழற்றி அறைக்குள்ளேயே ஒரு பெட்டியில் போட வேண்டும் என்று உத்தரவு. முடித்துவிட்டு இடியை அடிக்கச் சொல்லி, வெளியே வந்து கதவைச் சாத்திக் காதை வைத்தாள். மூச்! ஓர் எறும்பு நடக்கிற சத்தம்கூட இல்லை.

"இது அறையா, பார்சலா?" என்றார் டிரைவர்.

"ரெண்டும்தான்."

சனிக்கிழமை மத்தியானம் பிள்ளைகள் எல்லாரும் வந்தார்கள். கம்பெனியில் ஒரு வழக்கம் உண்டு. கண்ணாடிச் சாமான் தூக்குகிற நேரத்தில் எவர் கையிலும் செல்போன் இருக்கக்கூடாது, எல்லாம் லாரியில் உள்ள ஒரு தகர டப்பாவுக்குள் போய்விடும். பொட்டலக்கா அதையே பட்டறைக்கும் வைத்திருந்தாள். டப்பா நிறைந்ததும் டிரைவர் லாரியை எடுத்துக்கொண்டு டீச்சர் வீட்டுச் சாமானை இறக்கப் போனார். இறக்கிவிட்டு வந்து பிள்ளைகளையும் டிரம்ஸையும் ஏற்றிக்கொள்வதாகப் பேச்சு. டேப் அறுக்கிற கட்டரும் லாரியோடு போய்விட்டது.

இங்கே உள்ளே வாசிப்பு களைகட்டியது. சாவிக்கொத்து வெளியே என்ன செய்தார் என்பதைப் பிற்பாடு அவரே போகிற வருகிறவர்களிடம் எல்லாம் சொன்னார், அதனால் எல்லாருக்கும் தெரியும். பேத்தி ரெண்டு நாளாகவே ஒரே அழுகை. அவளைத் தோளில் போட்டு ஆட்டி ஆட்டி அலுத்து, மகளிடம் கொடுத்துவிட்டுப் படியேறி வந்தார். படியில் ஒரு செருப்பு இல்லை. சத்தம் என்று ஒரு பொட்டு இல்லை. ஜன்னல் இருட்டு. 'அடடா, ஒரு வார்த்தை சொல்லிக்காம காலி பண்ணிட்டுப் போயிட்டாளே, கோவம்போல' என்று அவருக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. ஆனாலும் எதிரே வெளித் தாழ்ப்பாள் திறந்து தொங்குகிறது. கை சும்மா இருக்குமா? பூட்டைப் போட்டார், இழுத்துப் பார்த்தார், இறங்கிப் போய்விட்டார்.

தண்ணீர் குடிக்கப் போன ஒல்லிதான் முதலில் கதவை இழுத்தான்.

"அக்கா, கதவு வரமாட்டேங்குது."

"ஒழுங்கா இழுடா. சாப்பிடறதெல்லாம் எங்க போகுது?"

அவளே வந்து இழுத்தாள். கதவு அசைந்த அசைவிலேயே தெரிந்துவிட்டது, வெளியே பூட்டு. "சாவிக்கொத்து ஐயா!" என்று கத்தினாள். எல்லாரும் சேர்ந்து கத்தினார்கள். கத்தியது கம்பளியில் போய் மெத்தென்று விழுந்தது. செல்போன் என்று ஒருத்தி இடுப்பைத் தடவினாள், போன் டப்பாவில், டப்பா லாரியில். ஜன்னலைப் பிரிக்கப் போனார்கள், நகம்தான் பிரிந்தது.

"யாருக்கா இப்படி ஒட்டினது?" என்றாள் இடி.

"நான்தான்டி. வாயை மூடு."

இதற்கு நடுவில் டிரைவர் கீழே வந்து ஹாரன் அடித்துப் பார்த்திருக்கிறார். பதில் இல்லை. மேலே வந்து பார்த்தால் பூட்டு. 'எப்பவும் எனக்கு முன்னாடி ஓடுவா, டிரம்ஸை ஆட்டோல போட்டுக்கிட்டுக் கிளம்பிட்டா போல' என்று வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். ஹாரன் சத்தமும் உள்ளே வரவில்லை. வெளியே போகிற சத்தத்தை அடைத்தவள், உள்ளே வருகிற சத்தத்தையும் சேர்த்து அடைத்திருந்தாள்.

பொட்டலக்கா செருப்புப் பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டாள். ஆயுசில் ஒரு பொருளையும் உடைக்காமல் கொண்டுபோய்ச் சேர்த்தவள். இன்றைக்கு இத்தனை பிள்ளைகளைக் கட்டிவைத்துவிட்டுச் சேர்க்க முடியாமல் உட்கார்ந்திருக்கிறாள். டீச்சர் வீட்டில் கடைசிப் பெட்டி இறங்கியிருக்கும். பாட்டு எங்கே என்று கேட்பார்கள். கீழே ஒருவர் பட்டறையே காலி என்று நினைத்துக்கொண்டிருப்பார்.

"அழறியாக்கா?"

"கம்பளித் தூசிடி."

"சும்மா உக்காந்து என்ன பண்றது? இருக்கற வரைக்கும் அடிக்கிறேன்" என்றாள் இடி. பெரிய டிரம்மைக் கதவோடு ஒட்டி நகர்த்தினாள். மெத்தைகளைக் கதவிலிருந்து இழுத்துப் பார்த்தார்கள், பொட்டலக்கா அடித்த ஆணி அசையவில்லை. பரவாயில்லை என்று கால் மிதியை மிதித்தாள். தும். தும். தும். மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். வேறு என்னதான் செய்வது?

கீழே பேத்தி இன்னும் ஓயவில்லை. பால் கொடுத்தாயிற்று, துணி மாற்றியாயிற்று, சாவிக்கொத்து தன் சாவிக்கொத்தையே கிலுக்கிக் காட்டியாயிற்று. வீட்டுக்குள் நடந்து நடந்து தரை தேய்ந்ததும், தோளில் போட்டுக்கொண்டு மாடிப்படியில் ஏறி இறங்க ஆரம்பித்தார். மேல் படியில் மூச்சு வாங்கியது. பூட்டிய கதவில் சாய்ந்து நின்றார்.

பேத்தி சட்டென்று அழுகையை நிறுத்தினாள்.

அவர் நிமிர்ந்தார். அழுதாள். சாய்ந்தார். நிறுத்தினாள். மறுபடி நிமிர்ந்து, மறுபடி சாய்ந்தார். குழந்தையின் சின்ன முதுகு கதவில் படுகிறபோதெல்லாம் வாயை மூடி, கண்ணைப் பாதி மூடி, எதையோ கேட்கிறவள் மாதிரி இருந்தாள். அவரும் கதவில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். சத்தமில்லை. ஆனால் மரம் துடித்தது. தும். தும். தும். குழந்தையின் நெஞ்சில் கை வைத்தால் எப்படித் துடிக்குமோ அப்படி.

"ஐயையோ!" என்றார். சாவிக்கொத்தில் இருக்கிற அத்தனை சாவியும் அன்றைக்குத்தான் தப்புச் சாவியாக வந்தது.

கதவு திறந்தது. வியர்த்து விறுவிறுத்த முகங்கள் எல்லாம் அவரைப் பார்த்தன. பொட்டலக்கா எழுந்து நின்றாள்.

"ஐயா, காலி பண்ணச் சொன்னீங்க, சரி. அதுக்காக இப்படி உள்ள வச்சா பூட்டுவீங்க?"

"நீங்க இல்லேன்னு நெனச்சேம்மா. சத்தமே இல்லையே!"

"சத்தம் வரக்கூடாதுன்னு சொன்னது யாரு?"

"நான்தான். அதுக்காக இவ்வளவு இல்லாமயா..." அவர் முடிக்கவில்லை. கதவு திறந்த ஆச்சரியத்தில் இடியின் கால் நின்றிருந்தது. பேத்தி உதட்டைப் பிதுக்கினாள்.

"நிறுத்தாதே, நிறுத்தாதே! அடிம்மா!" என்று அலறினார் சாவிக்கொத்து.

இடி மிதித்தாள். பிதுங்கிய உதடு உள்ளே போனது. பேத்தி ஒரு கொட்டாவி விட்டுவிட்டு, தாத்தா தோளில் கன்னத்தை வைத்துத் தூங்கிப்போனாள். அவள் அம்மா படியில் நின்று கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வயித்துல இருக்கறப்பவே கேட்டு வளந்தவப்பா அவ. இந்தச் சத்தம் நின்னதுல இருந்துதான் அழறான்னு நானும் சொல்லிட்டே இருக்கேன். நீங்க எங்க காது குடுக்கறீங்க? பேத்திக்கு உங்க காதுன்னு சொல்றீங்க, நல்லவேள அது பொய்."

அறையே சிரித்தது. சாவிக்கொத்தும் சிரித்தார், குழந்தை அசையாமல் தோளை மட்டும் கல்லாக வைத்துக்கொண்டு.

"ஐயா, நாங்க கிளம்பணும். டீச்சர் வீட்டுல காத்திருப்பாங்க" என்றாள் பொட்டலக்கா.

"இன்னும் கொஞ்சம். ஆழ்ந்து தூங்கட்டும்."

"ஐயா!"

"சரி சரி. உன் வீட்டுக்காரர் நம்பர் சொல்லு, நான் கூப்பிடறேன்."

டிரைவர் லாரியைப் பறக்கவிட்டு வந்தார். தகர டப்பாவுக்குள் அத்தனை போனும் ஒரே நேரத்தில் அலறிக்கொண்டிருந்தன, யார் வீட்டு அம்மாவோ ஆரம்பித்து எல்லா வீட்டு அம்மாக்களும் கூப்பிட்டிருந்தார்கள். "உன்னையே கட்டிக்கிட்டியா நீ?" என்றார் அவர் பொண்டாட்டியிடம். அவள் முறைத்ததில் வேறெதுவும் கேட்காமல் டிரம்ஸைத் தூக்கினார்.

டீச்சர் வீட்டில் ஒருவரும் கிளம்பியிருக்கவில்லை. எப்படிக் கிளம்புவார்கள்? சாமான் கட்டியது பொட்டலக்கா. வந்தவர்கள் எல்லாரும் ஆளுக்கொரு பெட்டியைப் பிரிப்பதற்குப் போராடிக்கொண்டிருந்தார்கள். பிள்ளைகள் பெட்டிகளுக்கு நடுவே நின்று வாசித்தார்கள். பிரித்தவர்கள் கையில் டேப் ஒட்டிக்கொண்டிருக்க அப்படியே தட்டினார்கள். கிளம்பும்போது இரண்டு பேர், தாங்களும் வீடு மாறப்போவதாகச் சொல்லிப் பொட்டலக்காவின் நம்பரை வாங்கிக்கொண்டார்கள். அதில் ஒருவருக்கு வீடு மாறுகிற எண்ணமே இல்லை, பாட்டுக்காக மட்டும் வரமுடியுமா என்று காதோடு காதாகக் கேட்டார்.

மறுநாள் சாவிக்கொத்து மாடி அறையின் வெளித் தாழ்ப்பாளை ஸ்க்ரூ கழற்றி எடுத்துவிட்டார். பூட்டைப் பொட்டலக்கா கையில் கொடுத்து, "எனக்குக் கை சும்மா இருக்காது, நீயே வச்சுக்கோ" என்றார். அவள் அதைப் பேப்பரில் சுற்றி, அட்டையில் வைத்து, நாலு பக்கமும் டேப் இழுத்து ஒட்டி அவரிடமே திருப்பிக் கொடுத்தாள். கீழே தொட்டில் இருக்கிற இடத்துக்கு நேர் மேலே தரைக் கம்பளியை மட்டும் ஓர் ஓரமாகச் சுருட்டி வைத்தாள்.

இப்போதெல்லாம் பட்டறை ஆரம்பிக்கக் கொஞ்சம் தாமதமானால் கீழேயிருந்து கம்பால் கூரையில் தட்டுகிற சத்தம் கேட்கும். "ஏம்மா, கொழந்தைக்குத் தூங்கற நேரமாச்சு, இன்னும் என்ன பண்றீங்க?" வருகிறவர் போகிறவரிடம், "எங்க பேத்தி இல்லேன்னா இந்தப் பட்டறையே இல்ல" என்கிறார். அவள் தவழ ஆரம்பித்துவிட்டாள். தாத்தா வீட்டு அலமாரியின் கீழ்த்தட்டில் இருக்கிற பூட்டுப் பொட்டலத்தை இழுத்துத் தரையில் தட்டித் தாளம் போடுவதுதான் அவளுக்குப் பிடித்த விளையாட்டு. அதைப் பிரிக்க இதுவரை யாராலும் முடியவில்லை.